வாக்கும் வாய்மையும்

‘வாக்கு’ என்னும் நம் சொல் இருபொருள் தருவது. வாயினின்று பிறக்கும் மொழியும் வாக்கு. தேர்தலன்று பெட்டியில் இடுகின்ற தீர்ப்பும் வாக்கு. முன்னையது பழம்பொருள், பின்னையது சனநாயகம் தந்த புதுப்பொருள். இவ்விரு வாக்கும் தம்முள் மாறுபடா என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென எனக்குக் காட்டியவர் பிறரல்லர், நானேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. தேர்தற் கடமைக்கு ஆசிரியர்களை அழைப்பது நம் நாட்டு வழக்கம் என்பதை வாசகர் அறிவர். அவ்வாண்டு என்னைத் தீவுப்பகுதியிலுள்ள ஒரு வாக்களிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். கடமைக்குச் செல்வோர் தம் வாக்கைத் தபால் மூலம் முன்கூட்டியே அளித்தல் வேண்டும். அதற்கு விண்ணப்பமும் குறித்த நாளுக்குள் அனுப்புதல் வேண்டும். நானோ அந்நாட்களில் மாணவர் விடைத்தாள்களிலே மூழ்கிக் கிடந்தேன். புணர்ச்சி விதிகளைக் கொலைசெய்த பிள்ளைகளைத் திருத்துவதில் என் விண்ணப்பத்தை மறந்தேன். நினைவு வந்தபோது நாள் கடந்துவிட்டது. தேர்தலன்று காலைமுதல் மாலைவரை அயலூராருக்கு வாக்களிக்கத் துணைநின்றேன். தள்ளாத கிழவி ஒருத்தி பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு வந்து விரலை நீட்டியதைக் கண்டு மனம் நெகிழ்ந்தேன். ஆனால் அன்று வாக்களியாத ஒருவன் அந்த மண்டபத்தில் இருந்தான் என்றால் அவன் நான்.

ஈராறு வாரங்கள் சென்றிருக்கும். என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட இளைஞர் ஒருவர், இப்போது பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயில்பவர், வினாக்கொத்துக் கட்டொன்றுடன் வீட்டுக்கு வந்தார். எங்கள் குறிச்சியிலே வீடுவீடாக ஓர் ஆய்வு நடத்துகிறாராம். திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி ஒவ்வொரு வினாவாகப் படித்தார். வயது, தொழில், வாசிக்கும் பத்திரிகை; பின்னர், “கடந்த தேர்தலில் தாங்கள் வாக்களித்தீர்களா?”

“ஓம்” என்றேன்.

அச்சொல் என் அறிவைக் கேட்டு வந்ததன்று. சிந்திக்குமுன் நாவு சொல்லிவிட்டது. அவரும் ஐயுறவில்லை, குறியிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றார். அன்று காலைதான் கல்லூரியில் திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைப் பாடஞ்சொல்லி வந்திருந்தேன் என்பதை இங்கே ஒளித்தல் தகாது. அந்த ஒரு சொல்லால் எனக்கு வரக்கூடிய ஊதியம் யாதுமில்லை. உண்மை சொல்லியிருந்தால் வரக்கூடிய தண்டமும் யாதுமில்லை. பின் ஏன் பொய்த்தேன்? இவ்வினா என்னை விட்டகலவில்லை. காரணஞ் சொல்லாமலே அவ்விளைஞரிடம், இத்தகைய வினாக்களுக்கு மக்கள் மெய்யே சொல்கிறார்களா என்று யாரேனும் ஆராய்ந்ததுண்டோ என விசாரித்தேன். “அமெரிக்காவிலை நிறைய இருக்கு, ஐயா” என்று சொல்லிச் சில ஆய்வுரைகளின் படிகளைக் கொண்டுவந்து தந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு விடுமுறை முழுவதும் அவற்றைப் படித்தேன்.

என் போன்றோர் அங்கே இலட்சக்கணக்கில் உளர் என்பது முதலிற் கிடைத்த ஆறுதல்.

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது மறைபொருள். ஆனால் வாக்களித்தாரா இல்லையா என்பது பொதுப்பதிவு. உள்ளூர் அலுவலகங்களின் இடாப்புகளில் அது இருக்கும், வேண்டுவோர் பார்க்கலாம். ஆகவே ஒருவரின் சொல்லையும் செயலையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் அங்கே இயலும். 1949 ஆம் ஆண்டிலே டென்வர் நகரிற் பல்கலைக்கழகத்தார் இதனைச் செய்தனர். ஹியூ பறி, ஹெலன் குறொஸ்லி என்னும் இருவர் அதன் முடிபை அடுத்த ஆண்டில் வெளியிட்டனர். வாக்களிப்பை மட்டும் அவர்கள் வினாவவில்லை. வீட்டிலே தொலைபேசி உண்டா, நூலக அட்டை உண்டா, நகரத்தின் பொது அறநிதிக்குப் பணங் கொடுத்தீர்களா என்றெல்லாங் கேட்டு, ஒவ்வொன்றையும் உரிய பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தனர். தொலைபேசியைப் பற்றிப் பிழைசொன்னோர் மிகச் சிலர். நூலக அட்டையைப் பற்றி ஏறத்தாழப் பத்திலொருவர் இல்லாததை உண்டென்றனர். அறநிதியிலோ மூன்றிலொரு பங்கினர் கொடாததைக் கொடுத்தோம் என்றனர். வாக்களிப்பைப் பற்றிய பிழை தேர்தலுக்குத் தேர்தல் வேறுபட்டது. சிலவற்றில் அது நாலிலொரு பங்கையும் எட்டியது.

இவ்வரிசையை நோக்குக. தொலைபேசி இன்மை வெட்கமன்று. ஈயாமையும் கல்லாமையும் குடிமைக் கடன் ஆற்றாமையும் வெட்கம். எங்கே சான்றோன் எனப்படும் ஆசை உண்டோ அங்கேதான் நா பிறழ்கிறது. டென்வர் நகரத்தார் பொய்யர் என்பதன்று இதன் பொருள். எவையெவை நல்லன என்பதை நன்கறிந்தவர்கள் அவர்கள் என்பதே நான் கொண்ட பொருள்.

பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இவ்வேலையை நாடளாவிய அளவில் எடுத்துக்கொண்டனர். 1948 முதல் தேர்தல்தோறும் மக்களிடம் வினாவிவந்த அவர்கள், 1964 ஆம் ஆண்டிலும், 1976 முதல் 1990 வரை பலமுறையும், விடையளித்தோரின் பெயர்களை ஊரூராகச் சென்று இடாப்புகளிலே தேடினர். வாக்களியாதவர்களுள் ஏறத்தாழ நாலிலொருவர் ‘வாக்களித்தேன்’ என்று சொல்லியிருந்தமை புலனாயிற்று.

யார் அவர்கள்? இங்கேதான் ஒரு கணக்கு நுட்பம். முன்னைய ஆய்வாளர் சிலர் ஒரு குழுவிலுள்ள எல்லாரையும் வகுஎண்ணாகக் கொண்டு, அவர்களுள் எத்தனை வீதம் பொய்த்தனர் எனப் பார்த்தனர். மெய்யாக வாக்களித்தவனுக்கு ‘வாக்களித்தேன்’ என்று பொய்சொல்ல வழியேது? பலர் வாக்களிக்கும் குழுவிலே பொய்த்தற்கு இடம் பெற்றவர் சிலரே. ஆகவே அக்குழு வாய்மையிற் சிறந்தது போலத் தோன்றும். பிறயன் சில்வர், பாபரா அண்டர்சன், போல் ஏபிரகாம்சன் ஆகிய மூவரும் 1986 இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைத் திருத்தினர். வாக்களியாதோரை மட்டும் வகுஎண்ணாகக் கொள்ளுங்கள் என்றனர். கொண்டபோது படம் தலைகீழாயிற்று. மிகுதியாகப் பொய்த்தவர் கல்வியறிவு குறைந்தோரல்லர், கற்றோர். கட்சிப்பற்று மிக்கோர், தேர்தலில் ஆர்வங்கொண்டோர், வாக்களித்தல் கடமையென உறுதியாக நம்பியோர் ஆகியவர்களே. இப்பகுதியைப் படித்தபோது திண்ணையிலே தனியாக இருந்தும் என் முகம் சிவந்ததை உணர்ந்தேன்.

இனி, இக்கட்டுரைக்கு நான் முதன்மையாக எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பினத்தாரும் இவ்வினாவுக்கு ஒரே அளவிற் பிழைவிடை சொல்லவில்லை. ஏபிரகாம்சனும் வில்லியம் கிளகற் என்பாரும் 1980 களில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்ட ஆய்வுகளிலே, வாக்களியாத கறுப்பினத்தார் வாக்களியாத வெள்ளையரைவிட மிகுதியாக ‘வாக்களித்தேன்’ என்றனர் என்பது தெளிவாயிற்று. இதன் விளைவு யாது? சொல்லை மட்டும் நம்பினால் இரு இனத்தாரின் வாக்களிப்பு வீதத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறிதாகத் தோன்றும். இடாப்பை நோக்கினால் அது பெரிது.

இச்செய்தியைக் கேட்டவுடன், ‘அவ்வினத்தார் வாய்மை குறைந்தோர்’ என்று கூற ஒரு நா எங்கேயோ காத்திருக்கும். அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 1965 இல் மிசிசிப்பி மாநிலத்திலே வாக்காளராகப் பதிவுபெற்றிருந்த கறுப்பினத்தார், தகுதியுடையோருள் நூற்றுக்கு 6.7 பேரே, வெள்ளையர் 69.9 பேர். பதியச் செல்பவரிடம் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து, படித்துப் பொருள் கூறு என்பார்கள். அவர் கூறிய பொருள் சரியோ பிழையோ என்பதை முடிவுசெய்பவர் மேசைக்கு அப்பாலிருக்கும் வெள்ளை அலுவலர். (பொருள் கூறச் சொல்லிப் பிள்ளைகளைத் தோற்கடிக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான், அந்த மேசையின் வல்லமை எனக்கு நன்றாகத் தெரியும்.) பனி லூ ஹேமர் என்னும் தோட்டத் தொழிலாளிப் பெண்மணி 1962 ஓகத்து மாதத்தில் இந்தியனோலா என்னும் ஊருக்குப் பதியச் சென்றார். தேர்விலே தோல்வியென்றனர், சென்ற குற்றத்துக்காகவே, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்தும் வெளியேற்றினர். அடுத்த ஆண்டு சனவரியில் மீண்டுஞ் சென்று பதிவுபெற்றார். அதே 1963 யூன் மாதத்தில், வாக்குரிமைக்காக உழைத்த மெட்கார் எவேர்ஸ் தம் வீட்டு வாசலிற் சுடப்பட்டு இறந்தார். 1965 மார்ச் 7 ஆந் திகதி செல்மா நகரப் பாலத்தில் ஊர்வலத்தார் அடியுண்டனர். அவ்வாண்டு ஓகத்து 6 ஆந் திகதி வாக்குரிமைச் சட்டம் பிறந்தது.

இவ்வாறு பெற்ற உரிமையை ஒரு செவ்வாய்க்கிழமை மழைக்கோ வேலைக்கோ விட்டுவிட்ட ஒருவரிடம், ‘வாக்களித்தீரா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்லை’ என்னுஞ் சொல் அவர் வாயில் எவ்வளவு பாரமாக இருக்கும்! எளிதாகக் கிடைத்ததைத் தவறவிட்டவன் எளிதாக ஒப்புக்கொள்வான். குருதி கொடுத்து வாங்கியதைத் தவறவிட்டவனோ முன்னோர் முகத்தை நினைந்து கூசுவான்.

இஃது என் கற்பனை மட்டுமன்று. மேற்சொன்ன அண்டர்சன் முதலிய மூவரும் 1988 இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். அதிலே, வினவுபவரின் இனத்தைக் கணக்கிலெடுத்தனர். வாக்களியாத கறுப்பினத்தார், வெள்ளையர் வந்து வினவியபோது சொன்னதைவிடத் தம்மினத்தவரே வந்து வினவியபோது ‘வாக்களித்தேன்’ என்று மிகுதியாகச் சொல்லியிருந்தனர். அந்நியன் முன் அன்று, தன்னவன் முன்னேதான் வெட்கம் மிகுகிறது! இன்னொன்றும் கண்டனர், அதுவே எனக்கு மிகவும் உவப்பானது. தேர்தலுக்கு முன்னரே தம்மினத்தவரால் வினவப்பட்ட கறுப்பினத்தார், மெய்யாகவே வாக்களிக்கச் செல்வதும் மிகுந்திருந்தது. ஆக, ஒரே வெட்கம் சிலரைப் பொய்சொல்ல வைத்தது. சிலரை எழுந்து நடக்க வைத்தது. 2001 இல் றொபேட் பேர்ன்ஸ்ரைனும் துணைவர் இருவரும் எழுதிய கட்டுரையோ, வாக்களிக்க வேண்டுமென்ற நெருக்குதல் யார்மேல் மிகுதியோ அவர்களே தவறியபோது மிகுதியாகப் பொய்ப்பர் என்கிறது. கறுப்பினத்தாரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் தம்மவர் செறிந்து வாழும் தொகுதிகளில் இவ்வாறு செய்தமையை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

என் திண்ணைக்கு ஓர் அந்நியர் வந்து கேட்டிருந்தால், ‘இல்லை ஐயா, விண்ணப்பத்தை மறந்துவிட்டேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். வந்தவர் என் மாணவர்.

இடாப்பு மட்டும் பொய்யாதோ என்று வாசகர் வினவலாம், தக்க வினா. எழுத்துப்பிழை, இடமாற்றம், விவாகத்தால் மாறிய பெயர் ஆகியவற்றால் வாக்களித்தவரே வாக்களியாதவராகத் தோன்றக்கூடும். கறுப்பினத்தார் வாழும் பகுதிகளின் பதிவுகள் செம்மை குறைந்தனவோ என்று ஏபிரகாம்சனும் கிளகற்றும் தாமே 1992 இல் ஆராய்ந்தனர். அதனைக் கழித்த பின்னும் வேறுபாடு நீங்கவில்லை. 2016 இல், மத்தியூ பெறன்ற் முதலியோர், பெயர்களைப் பொருத்திப்பார்ப்பதில் நேரும் தவறுகளே இப்பொய்களுட் பலவற்றைப் படைக்கின்றன என்று வாதிட்டுள்ளனர். எனவே இவ்வழக்கு முற்றாக முடிந்ததென்று நான் கூறேன். ஆயினும், பெயர் பொருந்தாமையால் நேர்ந்த பிழை மட்டுமே காரணமாயின், வினவுபவரின் இனத்தைப் பொறுத்து அது ஏன் கூடிக் குறைதல் வேண்டும்? இதற்கு விடை எனக்கு அகப்படவில்லை.

இது வெறும் ஏட்டுச்சண்டையாயின் வாசகரின் ஞாயிற்றுக்கிழமையை நான் கெடுத்திரேன். இதிலே ஒரு சட்டத்தின் உயிர் தங்கியிருந்தது.

அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் 1964 முதல் தேர்தல்தோறும், நவம்பர் மாதத்தில், மிகப்பெருந் தொகையான வீடுகளில் வாக்களிப்பைப் பற்றி வினவிவருகிறது. ஒரு வீட்டில் ஒருவரே ஏனையோருக்காகவும் விடை சொல்லலாம். (மகன் வாக்களித்தானோ என்று தந்தையைக் கேட்டால் வரும் விடை எத்தகையது என்பதை மக்களைப் பெற்றோர் அறிவர்.) 2012 ஆம் ஆண்டு பராக் ஒபாமா இரண்டாம் முறை வென்ற தேர்தலிலே, மெய்யாக எண்ணப்பட்ட சனாதிபதி வாக்குகள் ஏறத்தாழ 12 கோடியே 90 இலட்சம், வாக்களித்ததாகப் பணியகத்தின் கணக்கில் வந்தவர்களோ ஏறத்தாழ 13 கோடியே 30 இலட்சம். அக்கணக்கின்படி கறுப்பினத்தாரின் வாக்களிப்பு நூற்றுக்கு 66.2, இலத்தீன் வழியினரல்லாத வெள்ளையரது 64.1. கறுப்பினத்தார் முந்திவிட்டனர் என்று உலகெங்குஞ் செய்தி பரந்தது.

அப்போது அங்குள்ள உயர்நீதிமன்றத்திலே ஷெல்பி மாவட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழைய குற்றமுடைய மாநிலங்கள் தம் தேர்தல் விதிகளை மாற்றுவதாயின் மத்திய அரசின் முன்னனுமதி பெறுதல் வேண்டும். அக்கட்டுப்பாடு இனியும் வேண்டுமோ என்பதே வழக்கு. 2013 பெப்ரவரியில் நடந்த வாதத்திலே பிரதம நீதியரசர் ஜோன் றொபேட்ஸ், வெள்ளையர் கறுப்பர் வாக்களிப்பு வீதங்களிடையே மிகமோசமான நிலையிலுள்ள மாநிலம் எது தெரியுமா என்று அரச சட்டத்தரணியைக் கேட்டார். மசாசூசெற்ஸ் என்று தாமே விடையும் கூறினார். மிகச் சிறந்தது மிசிசிப்பியாம்! மசாசூசெற்ஸ் மாநிலத்தார் சினந்து மறுத்தனர். அங்கே வினவப்பட்ட கறுப்பினத்தார் சிறுதொகையினர். அச்சிறுதொகையிலிருந்து பெற்ற வீதம் பெரிதும் ஏறி இறங்கக்கூடியது. ஆயினும் யூன் 25 ஆந் திகதி ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எந்தெந்த மாநிலங்கள் கட்டுப்படும் என்று வகுத்த சூத்திரம் வீழ்ந்தது. அதனோடு முன்னனுமதியும் செயலற்றது. முதலிற் கட்டுண்ட ஆறு மாநிலங்களுள் ஐந்தில் கறுப்பினத்தாரின் வாக்களிப்பு வெள்ளையரை விஞ்சிவிட்டது என்பதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. அவ்வெண்கள் மக்கள் வாயாற் சொன்னவை. மாறுபட்ட நீதியரசர் றூத் பேடர் கின்ஸ்பேர்க், மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை எறிவதற்கு இச்செயலை ஒப்பிட்டார்.

அவ்வெண்களே தீர்ப்புக்கு ஒரே தூண் என்று சொல்வது நேர்மையன்று. மாநிலங்களின் சமநிலை, சூத்திரத்தின் முதுமை என வேறு நியாயங்களும் கூறப்பட்டன. ஆயினும் தூண்களுள் ஒன்று அது. 2022 இல் ஸ்ரீவன் அன்சொலபெஹியர், பேர்னாட் பிறாகா, பிறயன் ஷவ்னர் ஆகியோர் அத்தூணைத் தட்டிப்பார்த்தனர். வாக்காளர் இடாப்பிலே இனத்தையும் எழுதும் மாநிலங்கள் தென்பகுதியிற் சில உள. லூசியானா, ஜோர்ஜியா, வட கரொலைனா முதலியன. அங்கே சொல்லையும் இடாப்பையும் ஒப்பிட்டபோது, பணியகத்தின் கணக்கு சிறுபான்மையினரின் வாக்களிப்பை மிகைப்படுத்தியும், இனங்களுக்கிடையிலான இடைவெளியைக் குறைத்தும் காட்டிவந்திருக்கிறது என்று கண்டனர்.

இதிலுள்ள முரண் எத்துணைக் கொடிது! வாக்குரிமையைப் பெரிதும் மதித்தமையாலே, தவறியதைச் சொல்ல நாணி, ‘வாக்களித்தோம்’ என்றனர் சிலர். அந்நாணம் கணக்காயிற்று, கணக்குச் சான்றாயிற்று, அவ்வுரிமைக்கு வேலியாய் நின்ற சட்டம் தளர அச்சான்றும் துணைபோயிற்று. யாரை நோவது? வாசலிலே நின்று ஓர் இளைஞருக்கு விடை சொன்ன அந்தத் தொழிலாளியையா? நான் நோவேனாயின், சொல்லைச் செயலென மயங்கிய கற்றோரையே நோவேன்.

வினாவைத் திருத்தலாம் என்றும் முயன்றிருக்கிறார்கள். றொபேட் பெல்லி முதலியோர் 1999 இல் வெளியிட்ட ஆய்விலே, வினவுமுன் ஒரு முன்னுரை சேர்த்தார்கள். விடைகளையும் நான்காக விரித்தார்கள். ‘வாக்களிக்கவில்லை’, ‘இம்முறை எண்ணினேன், ஆனால் அளிக்கவில்லை’, ‘வழக்கமாக அளிப்பேன், இம்முறை இல்லை’, ‘உறுதியாக அளித்தேன்’ என்பன அவை. நடுவிலுள்ள இரண்டும் மானத்தோடு ஒதுங்குதற்குரிய நிழல்கள். அவ்வாறு கேட்டபோது பொய் குறைந்தது. தமிழிலே நயம்பட உரைத்தல் என்போமே, அதுவே அமெரிக்கர் கையில் ஆய்வுக்கருவியாயிற்று.

சென்ற மாதம் கோயிற் திருவிழாவிலே அவ்விளைஞரைக் கண்டேன். வீதியோரத்தில் நிறுத்தி, அன்று நான் சொன்ன விடை பிழையென்றும், உண்மையில் வாக்களிக்கவில்லை என்றும், கூடுமாயின் திருத்திக்கொள்ளும்படியும் கூறினேன். அவர் சற்றுத் திகைத்துப் பின் சிரித்தார்.

“இனி எங்கை ஐயா திருத்திறது? படிவத்திலை பெயர் எழுதேல்லைத்தானே. எல்லாம் கணக்கிலை ஏறி, அறிக்கையும் வந்திட்டுது.”

“அறிக்கையில் எங்கள் குறிச்சி எப்படி?” என்று கேட்டேன்.

“நல்லாய்த்தான் இருக்கு, ஐயா. மற்றக் குறிச்சியளைவிடக் கூடத்தான்.”